பெண் மானைச் சுடலாமா?

மான் வேட்டைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்களா?

விடுகிறார்கள்! அமெரிக்காவில் பென்சில்வேனியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. மலையும் காடும் நிறைந்த மாநிலம். அங்கே நவம்பர் மாதக் கடைசியில் மான் வேட்டை தொடங்கும். 1963 முதல் 2018 வரை, "நன்றி கூறும் திருநாள்" கழிந்த திங்கட்கிழமைதான் துப்பாக்கி வேட்டையின் முதல் நாள். அன்று பல ஊர்களில் பள்ளிக்கூடம் கிடையாது. திறந்து வைத்து என்ன பயன்? பையன்கள் காட்டில் இருப்பார்கள். வாத்தியாரும் காட்டில் இருப்பார்! 2019-ல் முதல் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை லீவைப் பல பள்ளிக்கூடங்கள் கைவிடவில்லை.

நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு மானைச் சுட்டவனுக்குச் சிறைதான். பொங்கல் கழிந்ததும் ஊரே திரண்டு முயல் வேட்டைக்குப் போன கதையைத் தென் மாவட்டங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். இன்று அதுவும் குற்றமே.

அமெரிக்காவில் வழி வேறு. வேட்டைக்குச் சர்க்காரே நாள் குறிக்கிறது. சர்க்காரே லைசென்ஸ் கொடுக்கிறது. ஒருவர் எத்தனை மான் சுடலாம் என்ற கணக்கையும் சர்க்காரே சொல்கிறது.

அங்கே வேட்டையைவிடச் சுவையானது வேட்டைக்காரர்களின் பேச்சு. அந்தப் பேச்சில் பாதி தற்பெருமை. கால்வாசி பொய். மீதிக் கால்வாசியில் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. நூறு ஆண்டு ஆகியும் தீராத வழக்கு. பெண் மானைச் சுடலாமா, கூடாதா என்பதே அது.

சட்டை வால் போச்சு!

முதல் நாளுக்கு முந்தின இரவு காட்டோரத்து மர வீடுகளில் விளக்கு எரியும். கணப்பு அடுப்பைச் சுற்றித் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையும் உட்கார்ந்திருக்கும். சுவரெல்லாம் மான் கொம்புகள். ஒவ்வொரு கொம்புக்கும் ஒரு கதை. வருஷம் ஏற ஏறக் கதையில் வரும் மானும் வளரும்!

கொம்புகளுக்கு நடுவே கிழிந்த துணித் துண்டுகளும் தொங்கும். அவை என்ன? குறி தவறியவர்களின் சட்டை வால்கள். மானைப் பார்த்துச் சுட்டுக் கோட்டை விட்டவன் அன்று மாலை தலை குனிந்து வந்து நிற்க வேண்டும். மற்றவர்கள் கத்தியை எடுத்து அவன் சட்டையின் பின்பக்கத் தொங்கலை அறுப்பார்கள். அதில் பேரும் தேதியும் எழுதி ஆணியில் மாட்டுவார்கள். தகப்பனார் ஆனாலும் விடமாட்டார்கள்.

"கண்ணெதிரே வந்து நின்ற மானை எப்படிடா விட்டாய்?"

"கை நடுங்கிப் போச்சு, தாத்தா."

தாத்தா சிரிப்பார். இந்த நடுக்கத்துக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். "கலைமான் காய்ச்சல்!" பெரிய கொம்புள்ள ஆண் மான் திடீரென்று எதிரே வந்தால் நெஞ்சு அடித்துக் கொள்ளும். மூச்சு வாங்கும். கை தன் சொல் கேட்காது. இந்தக் காய்ச்சல் கண்ட சிலர் துப்பாக்கியைச் சுடாமலே எல்லாத் தோட்டாக்களையும் தரையில் தள்ளிவிட்டு, "சுட்டேன், சுட்டேன், விழவில்லையே!" என்பார்களாம்.

வாக்குவாதம் கொம்பிலேயே தொடங்கிவிடும். கிழக்குப் பக்கத்தார் இரண்டு கொம்பின் கிளைகளையும் சேர்த்து எண்ணுவார்கள். எட்டு இருந்தால் "எட்டுக் கிளை மான்". மேற்குப் பக்கத்தார் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணுவார்கள். அதே மான் அங்கே "நாலு கிளை மான்". இருவரும் ஒரே வீட்டில் தங்கினால் அன்று இரவு தூக்கம் ஏது?

அடுத்து நிலா. பௌர்ணமி இரவில் மான் நன்றாக மேயும், பகலில் படுத்துவிடும் என்பார் ஒருவர். இனச்சேர்க்கைக் காலமே நிலாவைப் பார்த்துத்தான் வரும் என்பார் இன்னொருவர். விஞ்ஞானிகள் மான்களின் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிப் பார்த்தார்கள். நிலாவுக்கும் மானின் நடமாட்டத்துக்கும் பெரிய சம்பந்தம் தெரியவில்லை. இலையுதிர் காலத்தில் பகல் பொழுது குறைகிறது அல்லவா? அதுதான் இனச்சேர்க்கைக்கு மானைத் தயார் செய்கிறது. இதைச் சொன்னால் கேட்கிறார்களா? "விஞ்ஞானிக்கு மான் தெரியாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

சட்டையில்கூட ஒரு வேடிக்கை உண்டு. காட்டில் ஒளிந்திருக்க வேண்டியவர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் உடுத்திக்கொண்டு போகிறார்கள். பென்சில்வேனியாவில் துப்பாக்கியால் மான் வேட்டை ஆடுபவர் தலையிலும் மார்பிலும் முதுகிலும் சேர்த்து 250 சதுர அங்குல ஆரஞ்சுத் துணி அணிய வேண்டும். இது சட்டம். மனிதனை மான் என்று நினைத்து மனிதன் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம். அப்படியானால் மான் ஓடிவிடாதா? ஓடாது. மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் பளிச்சென்று தெரிவதில்லை. மங்கிய நிறமாகத்தான் தெரியும். நீல நிறம்தான் அதற்கு நன்றாகத் தெரியும். நீலக் கால்சட்டை போட்டவர் ஜாக்கிரதை!

இரண்டு எழுத்தாளர்கள், ஒரு சண்டை

எந்தத் தோட்டா நல்ல தோட்டா? இந்தக் கேள்வியில் அண்ணன் தம்பிகூடப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு வித்திட்டவர்கள் இரண்டு எழுத்தாளர்கள்.

ஒருவர் ஜாக் ஓ'கானர். கல்லூரியில் பத்திரிகைத் தொழில் கற்பித்தவர். "அவுட்டோர் லைஃப்" என்ற பத்திரிகையில் துப்பாக்கிப் பகுதியை நெடுங்காலம் எழுதியவர். 1925-ல் வெளிவந்த .270 என்ற தோட்டா அவருக்கு உயிர். அதன் குண்டு சிறியது. ஆனால் வெகு வேகமாகப் போகும். "வேகமும் குறியும் இருந்தால் போதும்" என்பது அவர் கட்சி.

மற்றவர் எல்மர் கீத். குதிரை ஏறி மாடு மேய்த்துப் பழகியவர். பெரிய தொப்பிக்காரர். "சிறு குண்டு எதற்கு? கனமான பெரிய குண்டுதான் மிருகத்தை விழத்தட்டும்" என்பது அவர் கட்சி. இருவரும் ஐடஹோ மாநிலத்திலேயே குடியிருந்தார்கள். பல ஆண்டுகள் பத்திரிகைகளில் ஒருவரை ஒருவர் விடாமல் தாக்கினார்கள். ஓ'கானர் 1978-ல் இறந்தார். கீத் 1984-ல் இறந்தார். சண்டை மட்டும் இறக்கவில்லை! இன்றும் "நான் ஓ'கானர் கட்சி, நீ கீத் கட்சி" என்று அடித்துக்கொள்கிறார்கள்.

உண்மை என்ன? முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னே இருதயமும் நுரையீரலும் இருக்கின்றன. குண்டு அங்கே போய்ச் சேர்ந்தால் எந்தத் தோட்டாவுக்கும் மான் விழும். வேறு இடத்தில் பட்டால் பெரிய தோட்டாவும் மானை வதைக்கத்தான் செய்யும். பழைய கைகளுக்கு இது தெரியும். தெரிந்தும் சண்டை போடுவார்கள். குளிர்கால இரவு நீளமானது அல்லவா!

ரத்தம் சொல்லும் சேதி

ஆனால் ஒரு பேச்சு வந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். குண்டு பட்ட மான் ஓடிவிட்டால் என்ன செய்வது? அதுதான் அந்தப் பேச்சு.

அவசரப்பட்டுத் துரத்தக் கூடாது என்பதுதான் பேரனுக்குத் தாத்தா சொல்லும் முதல் பாடம். துரத்தினால் மான் வலியோடு வெகு தூரம் ஓடும். விட்டுவிட்டால் அருகிலேயே படுத்துவிடும். ஆகவே முதலில் மான் நின்ற இடத்துக்குப் போக வேண்டும். தரையில் ரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது. மான் அதிக தூரம் போயிராது. அரை மணி நேரம் பொறுத்துப் பின்தொடரலாம். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரலாக இருக்கலாம். இன்னும் அதிக நேரம் பொறுக்க வேண்டும். ரத்தத்தோடு பச்சையாகத் தழைச்சாறு கலந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் கேடு. பல மணி நேரம் காத்திருந்து, இருட்டில் விளக்கு வைத்துக்கொண்டு, இலை இலையாகத் தேட வேண்டும்.

தேடாமல் வீடு திரும்புகிறவனை அந்தக் கூட்டம் மதிக்காது. குறி தவறியவனுக்குச் சட்டை வால்தான் போகும். காயம்பட்ட மானைக் காட்டில் விட்டு வந்தவனுக்கு மானமே போகும். அடுத்த வருஷம் அவனை அழைக்க மாட்டார்கள்.

ஜனாதிபதி ஒருவரே இதற்குச் சாட்சி. 1902 நவம்பரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், மிசிசிப்பி மாநிலத்தில் கரடி வேட்டைக்குப் போனார். பல நாள் அலைந்தும் அவருக்குக் கரடி அகப்படவில்லை. வழிகாட்டியாக வந்தவர் ஹோல்ட் காலியர் என்ற நீக்ரோ வேட்டைக்காரர். அடிமையாகப் பிறந்தவர், கரடி வேட்டையில் அவருக்கு நிகர் இல்லை. அவருடைய நாய்கள் ஒரு கரடியை மடக்கின. கரடி ஒரு நாயைப் பிடித்துக்கொண்டது. காலியர் துப்பாக்கிக் கட்டையால் அதன் மண்டையில் அடித்து, மரத்தில் கட்டிப் போட்டுவிட்டு ஜனாதிபதிக்கு ஆள் அனுப்பினார். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள கரடி அது.

ரூஸ்வெல்ட் வந்தார். பார்த்தார். கட்டிப் போட்ட மிருகத்தைச் சுட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்! ஆனால் அது அடிபட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. அதன் வேதனையை முடித்துவிடும்படி சொன்னார். கத்தியால் முடித்தார்கள்.

கதையின் இந்தக் கடைசிப் பகுதியை யாரும் குழந்தைகளுக்குச் சொல்வதில்லை. "வாஷிங்டன் போஸ்ட்" பத்திரிகையில் கிளிஃபோர்ட் பெர்ரிமன் இதைக் கேலிச் சித்திரமாக வரைந்தார். அதைப் பார்த்து நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மாரிஸ் மிக்டம் என்பவரும் அவர் மனைவியும் துணியால் ஒரு கரடிப் பொம்மை செய்து கடையில் வைத்தார்கள். தியோடரின் செல்லப் பெயர் டெடி. அதுதான் இன்று நம் வீட்டுக் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் "டெடி பேர்"!

மானே இல்லாத காடு

இப்படி மிருகத்துக்கு இரங்கும் பேச்சு எல்லாம் எப்போது வந்தது? மிருகம் தீர்ந்துபோகும் நிலை வந்த பிறகுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் கணக்கில்லாமல் சுட்டார்கள். சந்தைக்காகச் சுட்டார்கள். தோலுக்காகச் சுட்டார்கள். சும்மாவும் சுட்டார்கள். கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமை 1880-களின் முடிவில் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. பயணப் புறா என்று ஒரு பறவை இருந்தது. அது கூட்டமாகப் பறந்தால் வெயில் மறையும். அத்தனை கோடிப் புறாக்களில் கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1-ம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது. அதற்கு "மார்த்தா" என்று பெயர் வைத்திருந்தார்கள். இனி உலகில் ஒரு பயணப் புறாகூடக் கிடையாது.

வெண்வால் மானும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. பயந்து ஓடும்போது வாலை உயர்த்தி வெள்ளையைக் காட்டும் மான் இது. 1900-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்கா முழுவதிலுமே சுமார் 5 லட்சம்தான் மிஞ்சியதாகச் சொல்கிறார்கள். பென்சில்வேனியாவில் மானின் காலடியைப் பார்த்தாலே செய்தி! 1906-ல் மிச்சிகன் மாநிலத்திலிருந்து மான்களை வரவழைத்துக் காட்டில் விட்டார்கள். 1907-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பெண் மானைச் சுடக் கூடாது. கொம்புள்ள ஆண் மானை மட்டுமே சுடலாம்.

நல்ல சட்டம். தாயைக் காத்தால் குட்டி பெருகும். பெருகவும் செய்தது. "பெண் மானைத் தொடாதவனே ஆண்பிள்ளை" என்று ஒரு தலைமுறையே பேசிப் பழகிவிட்டது. அப்பா மகனுக்குச் சொன்னார். மகன் பேரனுக்குச் சொன்னான். சட்டம் வேதமாகிவிட்டது.

வந்தது வினை!

பசித்த காடு

ஒரு கணக்கைப் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வேலி போட்ட காடு ஒன்று உண்டு. சுமார் 1,200 ஏக்கர். 1928-ல் அதில் ஆறு மான்களை விட்டார்கள். ஆண் இரண்டு, பெண் நாலு. ஆறே ஆண்டில் அவை சுமார் 160 ஆகிவிட்டன! நல்ல மேய்ச்சல் இருந்தால் பெண் மான் இரட்டைக் குட்டி போடும். ஓநாய் இருந்தால் குறைக்கும். பென்சில்வேனியாவில் ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒழித்துக் கட்டிவிட்டார்கள். ஆண் மானைச் சுட்டதால் கூட்டம் குறையவில்லை. ஒரு ஆண் மான் மிஞ்சினாலும் பல பெண் மான்கள் குட்டி போடும் அல்லவா?

மான் பெருகியது. காடு பெருகுமா? விதை முளைத்துத் தலை நீட்டினால் மான் கடித்துவிடும். தரையிலிருந்து மானின் வாய் எட்டும் உயரம் வரை ஒரு பச்சை இலை மிஞ்சாது. நூல் பிடித்துக் கோடு போட்டதுபோல் காடு முழுவதும் ஒரே மட்டம். கோட்டுக்குக் கீழே மொட்டை. பெரிய மரம் விழுந்தால் அந்த இடத்தில் நிற்கக் கன்று இல்லை. பனிக்காலத்தில் தின்ன ஒன்றும் கிடைக்காமல் மான்கள் காட்டுக்குள் விழுந்து செத்தன. முதலில் செத்தவை குட்டிகள். அவற்றுக்குத்தான் வாய் எட்டாது.

சர்க்கார் அதிகாரிகள் 1920-களிலேயே இதைக் கண்டுகொண்டார்கள். பெண் மான்களையும் ஓரளவு சுட வேண்டும் என்றார்கள். வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். "தாயைச் சுடச் சொல்கிறாயா? பாவி!" என்றார்கள். அதிகாரிகளைத் திட்டாத மர வீடு இல்லை.

இந்தத் திட்டு வாங்கியவர்களில் பெரியவர் ஆல்டோ லியபோல்ட். அவர் கதை கேட்க வேண்டிய கதை.

1909-ல் அவர் 22 வயது வாலிபர். அரிசோனா மலைகளில் வன அதிகாரி. அந்தக் காலத்தில் ஓநாயைக் கண்டால் சுடாமல் விடுகிறவர் யார்? அவரும் அப்படித்தான் நினைத்தார். ஓநாய் குறைந்தால் மான் கூடும். ஓநாயே இல்லாவிட்டால் வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம்! ஒரு நாள் ஆற்றைக் கடந்து வந்த தாய் ஓநாயையும் குட்டிகளையும் அவரும் நண்பர்களும் மலை மேலிருந்து சுட்டார்கள். ஓடிப் போய்ப் பார்த்தார்கள். தாய் ஓநாய் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. அதன் கண்ணில் எரிந்த ஒளி மெல்ல அணைவதை லியபோல்ட் பார்த்தார். அந்தப் பார்வை அவரை விடவே இல்லை.

ஆண்டுகள் சென்றன. ஓநாய் ஒழிந்த மலைகளை அவர் பார்த்தார். மான் மேய்ந்து மொட்டையாகிக் கிடந்தன. பிறகு அவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். வேட்டையை மட்டும் அவர் விடவில்லை. கடைசி வரை வேட்டைக்காரராகவே இருந்தார். 1943-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் மான்கள் பசியால் செத்தன. பெண் மான்களையும் சுட அனுமதிக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு அங்கே சுமார் 1 லட்சத்து 28 ஆயிரம் மான்கள் சுடப்பட்டன.

மாநிலமே அவர் மேல் பாய்ந்தது. அந்த வேட்டையை "43-ம் ஆண்டுக் குற்றம்" என்றார்கள். அவரை எதிர்ப்பதற்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார்கள். ஓநாயைச் சுட்டவரை யாரும் திட்டவில்லை. மானைக் காப்பாற்றக் கணக்குச் சொன்னவரைத் திட்டினார்கள்! 1948 ஏப்ரலில் பக்கத்துப் பண்ணையில் புல் தீப்பற்றியது. அணைக்கப் போன லியபோல்ட் மாரடைப்பால் இறந்தார். ஓநாயின் கதை அடங்கிய அவருடைய புத்தகம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. இன்று அமெரிக்காவில் காட்டைப் பற்றிப் படிக்கும் மாணவர்களில் அதைப் படிக்காதவர் குறைவு.

வழக்கு தீர்ந்ததா? இல்லை. 2000-க்குப் பிறகு பென்சில்வேனியாவில் கேரி ஆல்ட் என்ற விஞ்ஞானி, பெண் மான்களை அதிகம் சுடவும் இளம் ஆண் மான்களை விட்டு வைக்கவும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு விளக்கினார். 2002-ல் புது விதி வந்தது. மாநிலத்தின் பெரும்பகுதியில் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று கிளை இருந்தால்தான் பெரியவர்கள் சுடலாம். இதற்கும் ஒரே கூச்சல். "துப்பாக்கியைப் பிடிப்பேனா, கிளையை எண்ணுவேனா?" என்றார்கள்.

"முன்னே எல்லாம் ஒரு நாளில் நாற்பது மான் பார்ப்பேன். இன்று நாலு பார்க்கிறேன். பெண் மானைக் கொன்று கெடுத்துவிட்டார்கள்" என்பார் தாத்தா.

"நாற்பது மானும் எலும்பும் தோலுமாய் இருந்ததே, தாத்தா" என்பான் விவசாயக் கல்லூரியில் படிக்கும் பேரன்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தாத்தா மானைப் பார்க்கிறார். பேரன் காட்டைப் பார்க்கிறான்.

காசு யார் கையில்?

இன்று அமெரிக்காவில் வெண்வால் மான் சுமார் 3 கோடி. ஐந்து லட்சம் மூன்று கோடி ஆனதற்குப் பணம் எங்கிருந்து வந்தது?

வேட்டைக்காரர்களின் பையிலிருந்துதான்! 1937-ல் பிட்மன், ராபர்ட்சன் என்ற இரண்டு சட்டசபைக்காரர்களின் பெயரில் ஒரு சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்கும் 11 சதவிகித வரி, வேறு எதற்கும் போகாமல் காட்டு மிருகங்களுக்கே செலவாக வேண்டும். மாநிலங்கள் வேட்டை லைசென்ஸ் பணத்தையும் வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. நாடு பஞ்சத்தில் கிடந்த காலம் அது. அப்போதும் வேட்டைக்காரர்களின் சங்கங்கள் இந்த வரியை ஆதரித்தன. வரி போடு என்று கேட்ட கூட்டத்தை வேறு எங்கே பார்க்கலாம்?

வாத்து வேட்டைக்காரர்களுக்கு 1934 முதல் தனியாக ஒரு முத்திரை. முதல் முத்திரைக்குப் படம் வரைந்தவர் "டிங்" டார்லிங் என்ற கேலிச் சித்திரக்காரர். அன்று விலை ஒரு டாலர். இப்போது 25 டாலர். அந்தப் பணத்தில் வாத்துகள் இறங்கும் சதுப்பு நிலங்களை வாங்கிக் காக்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் வேட்டைக்காரர்கள் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர். 2016-ல் எடுத்த கணக்கில் 1 கோடியே 15 லட்சம் பேர்தான். கிழவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். பையன்கள் பட்டணம் போய்விட்டார்கள். பெண்கள் பத்தில் ஒருவர் அளவுக்கு வந்திருக்கிறார்கள். ஆனாலும் விட்ட இடம் நிரம்பவில்லை. வேட்டை ஆடாதவர்களும் காட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாமா என்று இப்போது கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

புதிய வாதங்கள்

மர வீட்டுப் பேச்சில் இப்போது ஈயமும் வந்துவிட்டது. ஈயக் குண்டு மிருகத்தின் உடலுக்குள் சிறு சிறு துணுக்காகச் சிதறுகிறது. வேட்டைக்காரர் காட்டில் விட்டுவரும் குடலைக் கழுகு தின்கிறது. ஈயம் கழுகின் ரத்தத்தில் ஏறுகிறது. கலிபோர்னியாவில் காண்டர் என்ற பெரும் பிணந்தின்னிக் கழுகு 1982-ல் 22 மட்டுமே மிஞ்சியது. அதைக் காப்பாற்றி வளர்த்துக் காட்டில் விட்டால், அங்கே ஈயமே அதன் பெரிய எமன். வாத்து வேட்டையில் ஈய ரவையை 1991 முதல் நாடு முழுவதும் தடுத்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் 2019 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. மற்ற இடங்களில் தாமிரக் குண்டா, ஈயக் குண்டா என்று சண்டை நடக்கிறது. "தாமிரம் விலை அதிகம்" என்பது ஒரு கட்சி. "கறியை என் பிள்ளைகள் தின்கிறார்களே" என்பது எதிர்க்கட்சி. இந்தச் சண்டை ஓ'கானர், கீத் சண்டையைவிடப் பிள்ளை குட்டிக்காரர்களுக்கு முக்கியம்.

நோயும் வந்திருக்கிறது. மானின் மூளையை அரித்து, எச்சில் ஒழுக இளைத்துச் சாகச் செய்யும் நோய். 1967-ல் கொலராடோவில் அடைத்து வைத்திருந்த மான்களிடம் முதலில் தெரிந்தது. 2012-ல் பென்சில்வேனியாவுக்கும் வந்துவிட்டது. மருந்து இல்லை. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனாலும் நோய் பரவிய இடங்களில் மான் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கறியைச் சமைக்கும்படி டாக்டர்கள் சொல்கிறார்கள். மான் நெருக்கமாகக் கூடும் இடத்தில் நோய் வேகமாகப் பரவுகிறது. ஆகவே கூட்டத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைப்பது என்றால் எதை? மறுபடியும் அதே பெண் மான் வழக்குதான்!

சுட்ட மானில் மிஞ்சும் கறியை ஏழைகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு பென்சில்வேனியாவில் 1991-ல் தொடங்கியது. இரண்டாவது மானைத் தாத்தாக்கள் சுடுவது பெரும்பாலும் இப்படிக் கொடுக்கத்தான். முதல் மான் வீட்டுக்கு. முதுகெலும்பு ஓரத்துக் கறியை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். அது அன்று இரவே வெண்ணெயில் வதங்கிவிடும்.

குளிர் கழியும் நேரத்தில் ஆண் மான்களின் கொம்பு தானே உதிர்ந்துவிடும். வசந்தத்தில் புதுக் கொம்பு முளைக்கும். உதிர்ந்த கொம்பைப் பொறுக்கத் தாத்தாவும் பேரனும் மறுபடி காட்டுக்குப் போவார்கள். துப்பாக்கி கிடையாது. நவம்பரில் தப்பிய எட்டுக் கிளை மானின் கொம்பு ஒன்று பனியில் கிடக்கும். "பார்த்தாயா, உயிரோடுதான் இருக்கிறான்!" என்று தாத்தா அதைத் தூக்கிக் காட்டுவார். பேரன் குனிந்து, முழங்கால் உயரத்துக்கு ஓக் கன்று ஏதாவது எழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான்.